11-ஆம் வகுப்பில் கணக்குக்குப் பதில் சைக்காலஜி: எடுக்கலாமா, வேண்டாமா?

சிங்காநல்லூரான்

எல்லாருக்கும் வணக்கம். மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதே பள்ளியில் 11-ஆம் வகுப்புக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உறுதி. ஐந்தாவது பாடம் கணக்கா, சைக்காலஜியா என்று வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அவள் சைக்காலஜிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என் அண்ணன், "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு" என்கிறார். மனைவி, "கணக்குக்குப் பயந்துகிட்டு எடுக்கிறா" என்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கணக்கை விட்டால் எந்தக் கதவெல்லாம் மூடும்? பிற்பாடு பட்டப்படிப்பில் சைக்காலஜி படிக்க பிளஸ் டூவில் இந்தப் பாடம் கட்டாயமா? இரண்டு வருஷம் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? "பிள்ளை இஷ்டப்படி விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள், அதை மாமியார் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கரண்ட்பில்

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். கணக்கு இல்லையென்றால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு பக்கம் போக முடியாது. ஆர்க்கிடெக்சருக்கும் கணக்கு வேண்டும். பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல் போச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பல கல்லூரிகளில் இழுபறி. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் போதும், ஐந்தாவது பாடம் எதுவென்று யாரும் கேட்கப் போவதில்லை. சட்டம், கலைப் பாடங்கள் திறந்தே இருக்கும். மகளுக்கு என்ஜினியரிங் ஆசை துளியாவது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இழப்பு பெரிதில்லை.

கரும்பலகை

சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் இந்தப் பாடம்தான் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயமா என்றால், இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. சைக்காலஜிக்குப் பெரும்பாலும் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். "இங்கே படித்தால்தான் அங்கே சீட்" என்று சேர்க்கை நேரத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் க்யூட் நுழைவுத் தேர்வில் சைக்காலஜி தனித் தாளாக இருக்கிறது: 50 கேள்வி, 60 நிமிடம், 250 மதிப்பெண். நாங்கள் பள்ளியில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அதில் கை ஓங்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த அளவுக்கு உதவும்.

என்ன சொல்லித் தருகிறோம்? தேர்வு 70, செய்முறை 30. 11-இல் எட்டுப் பாடம்: சைக்காலஜி என்றால் என்ன, ஆய்வு முறைகள், மனித வளர்ச்சி, புலன்-கவனம்-புலக்காட்சி, கற்றல், நினைவு, சிந்தனை, ஊக்கமும் உணர்ச்சியும். 12-இல் ஏழு: நுண்ணறிவு முதலான தனிமனித வேறுபாடுகள், சுயமும் ஆளுமையும், மன அழுத்தத்தைச் சமாளிப்பது, மனக்கோளாறுகள், சிகிச்சை முறைகள், மனப்பான்மை, குழுக்கள்.

உங்கள் அண்ணன் சொல்கிற சமாசாரம் 12-இல் இரண்டே பாடத்தில் வருகிறது. இப்போதைய பாடத்திட்டத்தில் மனக்கோளாறுகளுக்கு 12 மதிப்பெண், சிகிச்சைக்கு 9. மிச்சமெல்லாம் சாதாரண மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், மறக்கிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள், கூட்டத்தில் சேர்ந்தால் எப்படி மாறுகிறார்கள் என்பதுதான். முதல் நாள் வகுப்பில் "மிஸ், மனசுல இருக்கிறதைக் கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. இரண்டாவது வாரம் நான் போர்டில் சார்பிலா மாறி, சார்பு மாறி, கட்டுப்பாட்டுக் குழு என்று எழுத ஆரம்பித்ததும் பாதி முகம் தொங்கிவிடும்.

என்னைக் கேட்டால் ஆய்வு முறைகள் என்ற அந்த இரண்டாவது பாடம்தான் இந்தப் படிப்பின் உயிர். 11-இல் அதிக மதிப்பெண்ணும் அதற்குத்தான், 13. பிள்ளைகள் அதிகம் தவிர்க்கப் பார்ப்பதும் அதைத்தான். ஒரு விஷயத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அதில் பிடிபட்டுவிட்டால் மற்ற பாடங்கள் எல்லாம் தானாக வரும். பிடிபடவில்லையென்றால் இரண்டு வருஷமும் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு முடிந்துவிடும்.

தண்டவாளம்

மன்னிக்கணும் மேடம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்குப் பெரிய பெயர் வைத்துப் பாடமாக்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாலு பேரோடு பழகினால் வராத அறிவா? என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார். சாதாரண புத்தியைக் காசு கொடுத்துப் படிக்கணுமா? அதற்குப் பதில் கணக்கு படித்தால் மூளையாவது கூர்மையாகும்.

கரும்பலகை

@தண்டவாளம், நல்ல கேள்வி, வருஷா வருஷம் பெற்றோர் கூட்டத்தில் வருவதுதான். உங்கள் பாட்டியிடமே போவோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொல்லியிருப்பார். அதே பாட்டி "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்றும் சொல்லியிருப்பார். எது நடந்தாலும் அதற்கு ஒரு பழமொழி கைவசம் இருக்கும். நடந்த பிறகு சொல்வதால் இரண்டுமே சரியாகத்தான் தெரியும். நடப்பதற்கு முன் எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்?

11-ஆம் வகுப்பு முதல் பாடத்திலேயே கேரல் ட்வெக் 1975-இல் செய்த ஆய்வு ஒன்று வருகிறது. கணக்கில் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டுவிடும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? நம்மில் பத்தில் ஒன்பது பேர் என்ன சொல்வோம்? முதலில் ஈஸியான கணக்காகக் கொடு, நம்பிக்கை வரட்டும் என்போம். ட்வெக் ஒரு குழுவுக்கு அப்படியே எப்போதும் போடக்கூடிய கணக்குகளாகக் கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு ஈஸியும் கஷ்டமும் கலந்து கொடுத்து, தோற்கும்போதெல்லாம் "போதுமான முயற்சி செய்யவில்லை, இன்னும் முயன்று பார்" என்றார். பிற்பாடு புதுக் கணக்கு கொடுத்தபோது எப்போதும் வென்றே பழகிய குழுதான் முதல் தோல்வியிலேயே பென்சிலைக் கீழே போட்டது.

இதைச் சொன்னதும் சிலர் "அதான் எனக்கு முன்னாடியே தெரியுமே" என்பார்கள். அதனால்தான் நான் முடிவைச் சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் போர்டில் எழுதிவிடுவேன்.

தண்டவாளம்

சரி, அது கொஞ்சம் உறைக்கிறது. ஆனாலும் கணக்கே மேல்.

நெறியாளர்

சிங்காநல்லூரானின் அண்ணனைத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அவர் இங்கே உறுப்பினர் இல்லை, பதில் சொல்ல வர மாட்டார். விஷயத்தைப் பேசுங்கள்.

பின்பெஞ்ச்

இப்போதுதான் 12 போர்டு எழுதி முடித்தேன். அங்கிள் மகள் எடுக்கப்போகிற அதே கூட்டணிதான், நீட்டும் உண்டு. கரும்பலகை மேடம் பாடத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் லேப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனதே அங்கேதான்.

11-இல் முதலில் செய்தது முல்லர்-லையர் பலகை. அதில் இரண்டு கோடு. ஒரு கோட்டின் முனைகளில் அம்புக்குறி மூடியிருக்கும், அது நகராது. இன்னொன்றின் முனைகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், அதைத் தள்ளி நீட்டலாம், குறைக்கலாம். இரண்டும் சமமாகத் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். பலகையின் பின்பக்கம் அளவுகோல் இருக்கும், அது நமக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை நீளமாக வைத்துக் குறைத்துக்கொண்டே வரணும், அடுத்த முறை சின்னதாக வைத்துக் கூட்டிக்கொண்டே போகணும், ஏனென்றால் எந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்பதே பிழையை மாற்றும். விரிந்த கோடு கண்ணுக்கு நீளமாகத் தெரிவதால் கிட்டத்தட்ட எல்லாருமே அதைக் குட்டையாக நிறுத்தினார்கள். என் பார்ட்னர் இதையே நாலு பேருக்கு எடுத்தவன், கண் ஏமாற்றுகிறது என்று தெரியும், ஸ்கேலையும் பார்த்தவன். அவன் உட்கார்ந்தபோதும் குட்டையாகத்தான் நிறுத்தினான். தெரிந்திருந்தும் கண் கேட்கவில்லை! எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

12-இல் ஐந்து உளச்சோதனை: நுண்ணறிவு, ஆளுமை, பதற்றம், சுயகருத்து மாதிரி. நுண்ணறிவுக்கு ராவன் படச்சோதனை. ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12 என்று மொத்தம் 60 படம், எழுத்தே கிடையாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், கீழே உள்ளவற்றில் எது பொருந்தும் என்று சொல்லணும். ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவனைக் கூட்டிவந்தேன். முதலில் பத்து நிமிஷம் சும்மா கிரிக்கெட் பேசணும், பயம் போகட்டும் என்று. அப்புறம் கையேட்டில் இருக்கிற அறிவுறுத்தலை நம் சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்காமல் வாசிக்கணும். கஷ்டமான இடம் அதற்கப்புறம்தான். அவன் ஒவ்வொரு பதிலுக்கும் என் முகத்தைப் பார்த்தான், சரியா தப்பா என்று. சிரிக்கவும் கூடாது, புருவமும் தூக்கக் கூடாது. கடைசித் தொகுதிகளில் பெருமூச்சு விட்டு ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான். அதையும் குறித்துக்கொள்ளணும், நடத்தை அவதானிப்பு என்று தனியாக ஒரு பகுதி இருக்கு. ரிப்போர்ட்டில் பெயர் எழுதக் கூடாது.

அப்புறம் தனிநபர் விவரத் தொகுப்பு. எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்காவைப் பேட்டி எடுத்தேன். "இவர் மிகுந்த மன உறுதி படைத்தவர்" என்று அழகாக ஆரம்பித்திருந்தேன். சார் சிவப்புப் பேனாவில் அடித்துவிட்டு ஓரத்தில் "எதைப் பார்த்து?" என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தையே திருப்பி எழுதினேன்: காலை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார், மழையன்று என்ன செய்கிறார், கடன் கேட்பவரிடம் என்ன சொல்கிறார் என்று.

ஈஸி மார்க் என்பது பாதிதான் உண்மை. "கவனம் என்றால் ஒன்றைக் கவனமாகப் பார்ப்பது" என்று கதை எழுதினால் ஒன்றும் தேறாது. ஒரு சூழ்நிலையைப் பத்தியாகக் கொடுத்து, இதில் எந்தக் கருத்து இருக்கிறது, ஏன் என்று கேட்பார்கள். ரெக்கார்ட் நோட்டு வேலை டிசம்பர், ஜனவரியில் கழுத்தை நெரிக்கும், அதே நேரம் நீட் டெஸ்ட்டும் வரும். அதை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடச் சொல்லுங்கள் அங்கிள்.

புறநோயாளி

அரசு மருத்துவமனை ஒன்றில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். வேலைப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெற்றோர் ரொம்பக் குழம்புகிறார்கள்.

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். நாங்கள் மருந்து எழுத மாட்டோம். சோதனைகள் எடுப்பது, மதிப்பிடுவது, பேச்சுவழிச் சிகிச்சை தருவது எங்கள் வேலை. மகள் நீட் வழியாகப் போனாலும் மனநலத் துறைக்கு வரலாம், நீட் வராமல் போனாலும் பி.எஸ்சி. வழியாக வரலாம். ஒரே மருத்துவமனைக்கு இரண்டு வாசல்.

ஆனால் இரண்டாவது வாசலில் படிக்கட்டு அதிகம். இளங்கலை, முதுகலை, அதற்குமேல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தொழில்முறைப் படிப்பு, அப்புறம் கவுன்சிலில் பதிவு. வெறும் பி.எஸ்சி.யோடு யாரும் கிளினிக் திறக்க முடியாது. இதுவரை அந்தத் தொழில்முறைப் படிப்பு இரண்டு வருஷ எம்.ஃபில். ஆக இருந்தது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2022-இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்கு கொடுத்தார்கள். உங்கள் மகள் அந்தப் படிக்கு வரும்போது படிப்பின் பெயரும் வடிவமும் வேறாக இருக்கும், ஆண்டுக் கணக்கு மட்டும் பெரிதாகக் குறையாது. பிளஸ் டூவுக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். தேவை இருக்கிறதா என்றால், தாராளமாக. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச்சேரவில்லை.

பள்ளிப் பாடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. 11-இல் நரம்பணு, மூளை, சுரப்பிகள் பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது. 2022-இல் சுமை குறைப்பு என்று எடுத்துவிட்டார்கள். மூளையைத் தொடாமல் நினைவாற்றலையும் உணர்ச்சியையும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கரும்பலகை மேடத்தைத்தான் கேட்கணும். உயிரியல் எடுத்த பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை, வரலாறு-அரசியலோடு சைக்காலஜி எடுக்கும் பிள்ளைகள் பாவம்.

இன்னொன்று, 12-இல் மனக்கோளாறுகள் பாடம் நடக்கும்போது பிள்ளை வீட்டுக்கு வந்து "எனக்கு ஓ.சி.டி. இருக்கு, அப்பாவுக்கு டிப்ரஷன், பெரியப்பாவுக்கு ஆளுமைக் கோளாறு" என்று பட்டியல் போடும். நோய்களைப் படிக்க ஆரம்பிக்கும் எல்லாருக்கும் வருகிற கட்டம்தான், மருத்துவ மாணவர்களையும் விட்டதில்லை. கேலி செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது எல்லாம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் அது பாட்டுக்கு விடாமல் மனநலம் பார்ப்பவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலும் பேசலாம்.

கரும்பலகை

@புறநோயாளி, மூளைப் பாடம் போனது எங்களுக்கும் வருத்தம்தான். நான் புலன்கள் பாடத்துக்கு முன்னால் இரண்டு பீரியட் திருடி அதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வில் வராது என்று தெரிந்ததும் நோட்டை மூடிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், என்ன செய்ய.

மாடித்தோட்டம்

எதுக்கு இவ்வளவு யோசனை? பிளஸ் டூவில் கணக்கையே படிக்கட்டும். அப்புறம் வேண்டுமானால் தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி ஒரு டிகிரி போட்டுக்கொள்ளலாம். என் தங்கை அப்படித்தான் முடித்தாள்.

புறநோயாளி

@மாடித்தோட்டம், உங்கள் தங்கை காலத்தில் சரி. யூ.ஜி.சி. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. உடல்நலம் சார்ந்த தொழில்களுக்கான 2021 தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வரும் மற்ற சில படிப்புகளும் இதோடு சேர்ந்து போயின. இனி கல்லூரிக்குப் போய்த்தான் படிக்கணும்.

மாடித்தோட்டம்

அடடா, இது தெரியாதே. நன்றி.

பஸ்ஸ்டாப்

நான் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆசையோடு சேர்ந்தான். பள்ளியின் விளம்பரத்தாளில் "சைக்காலஜி லேப்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே போனால் ஒரு பீரோ, அதற்குள் நாலைந்து ஜெராக்ஸ் கட்டு. பாடத்துக்கென்று ஆசிரியர் அரையாண்டு வரை வரவில்லை. ஆங்கில மிஸ் வந்து புத்தகத்தை வரிசையாக வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செய்முறையில் ஒரு பையனின் விடைத்தாளையே வகுப்பு முழுக்கப் பார்த்து எழுதினார்கள். பதற்றச் சோதனையில் இவன் வாங்கிய மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாகப் படித்துவிட்டார்கள், அதற்கப்புறம் ஒரு வாரம் இவன் பெயரே "டென்ஷன்".

மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இன்றைக்கு அந்தப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான்.

கரும்பலகை

@பஸ்ஸ்டாப், படிக்கவே சங்கடமாக இருக்கிறது. சிங்காநல்லூரான் சார், படிவத்தை நிரப்புவதற்கு முன் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். சைக்காலஜியில் முதுகலையும் பி.எட்.டும் முடித்த ஆசிரியர் இப்போதே வேலையில் இருக்கிறாரா, "வரப்போகிறார்" என்கிறார்களா? சோதனைக் கட்டுகள் கையேட்டோடு விலை கொடுத்து வாங்கியவையா? கையேட்டில்தான் எந்த வயதுக்கு எந்த மதிப்பெண் சராசரி என்ற அட்டவணை இருக்கும். அது இல்லாத ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு 45 என்ற எண்ணுக்கு அர்த்தம் சொல்லவே முடியாது. போன வருஷ ரெக்கார்ட் நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் பங்கேற்பாளர் ஒரே மாதிரி "இயல்பான" மதிப்பெண் வாங்கியிருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். பிள்ளைகளின் மதிப்பெண்ணை யார் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

இவை இல்லாத பள்ளியில் நான் இந்தப் பாடத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். கணக்குக்கு டியூஷன் வைத்துச் சரிக்கட்டலாம். இதற்கு வெளியே ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஈஸ்ட்ஹாம்வாசி

இங்கே லண்டனில் மகள் ஏ-லெவலில் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) சைக்காலஜி எடுத்திருக்கிறா, ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். இங்கு அது மிகப் பிரபலம், இங்கிலாந்தில் கணக்குக்கு அடுத்ததாக அதிகம் பேர் எடுக்கிற பாடங்களில் ஒன்று. மூன்று தாள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 96 புள்ளி. செய்முறைக்கென்று தனிப் புள்ளி இல்லை. ஆனால் குறைந்தது பத்திலொரு பங்கு புள்ளி கணக்குத்தான்: சராசரி, நியமவிலகல், எந்தப் புள்ளியியல் சோதனையைத் தேர்ந்தெடுப்பது என்று. கணக்குக்குப் பயந்து இங்கே வந்த பிள்ளைகள் அந்த இடத்தில் திணறுதுகள். நீங்கள் சொல்கிற மாதிரி ஆளைக் கூட்டிவந்து சோதனை எடுக்கிற அனுபவம் இவவுக்கு இல்லை, அது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கு.

புறநோயாளி

கணக்கு பற்றி ஈஸ்ட்ஹாம்வாசி சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் தப்பித்தாலும் பி.எஸ்சி.யில் புள்ளியியல் கட்டாயம் வரும். பத்தாம் வகுப்பில் படித்த சராசரி, இடைநிலை, முகடு மறக்காமல் இருந்தால் அதிலிருந்து ஏறிவிடலாம், பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எண்ணே ஆகாது என்பதற்காக இங்கே வரக் கூடாது.

வத்தலகுண்டு

என் பையன் மாநில வாரியம், தமிழ் வழி, அரசுப் பள்ளி. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகள் எதிலும் இந்தப் பாடம் இல்லை. அவனுக்கும் இதில் ஆசை. என்ன செய்வது?

கரும்பலகை

@வத்தலகுண்டு, எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் படிக்கட்டும், பி.எஸ்சி.க்கு வரும்போது கதவு திறந்திருக்கும். உயிரியல் இருந்தால் மூளை, நரம்பு பகுதியில் கைகொடுக்கும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. 11-ஆம் வகுப்புப் புத்தகத்தின் நினைவு பாடத்தை மட்டும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று அகராதியோடு படிக்கச் சொல்லுங்கள். பட்டப்படிப்பில் பெரும்பாலும் ஆங்கிலம்தான், இப்போதே பழகிக்கொள்வது நல்லது. கல்லூரியில் முதல் வருஷம் எல்லாருக்கும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குவார்கள், பிளஸ் டூவில் படித்துவிட்டு வந்தவர்கள் அந்த ஒரு பருவம் மட்டும் கொஞ்சம் மிதப்பில் இருப்பார்கள்.

சிங்காநல்லூரான்

எல்லாருக்கும் நன்றி. இன்று பள்ளிக்குப் போய் வந்தேன். ஆசிரியை மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறார். ராவன் கையேட்டை அவரே எடுத்துக் காட்டினார், உள்ளே அட்டவணை இருந்தது. ரெக்கார்ட் நோட்டு கேட்டபோது முதலில் தயங்கி, பங்கேற்பாளர் பகுதியைக் காகிதத்தால் மறைத்துவிட்டுத்தான் கொடுத்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. கணக்கை ஆறாவது கூடுதல் பாடமாக எடுக்கலாம் என்றும் ஒரு வழி சொன்னார்கள். மனைவிக்கு அதில் சம்மதம், மகளுக்கு இல்லை. நீட்டும் எழுதிக்கொண்டு ஆறு பாடம் தாங்குமா?

பின்பெஞ்ச்

அங்கிள், எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அப்படி எடுத்தார்கள். ஒருத்தி 11 அரையாண்டோடு கணக்கை விட்டுவிட்டாள். இன்னொருத்தன் கடைசி வரை ஓட்டினான், ஆனால் அவன் நீட் எழுதவில்லை.

கரண்ட்பில்

ஆறு பாடமும் நீட்டும் என்றால் பிள்ளை தூங்குவது எப்போது? ஒன்றை விட்டுவிடுங்கள். எதை என்று அவளே சொல்லட்டும்.

முருங்கைக்காய்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டுப் பெண் 12-ஆம் வகுப்பு, பின்பெஞ்ச் சொன்ன அந்தப் படச்சோதனையைப் போன மாசம் என் பையனுக்கு எடுத்தாள். எவ்வளவு வந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். பெற்றவளிடம்கூடச் சொல்லக் கூடாதா?

கரும்பலகை

கூடாது. நல்ல பெண். அது அவள் பழகுவதற்காக எடுத்த சோதனை. ஒரு மாணவி முதல்முறையாக எடுத்த எண்ணை வைத்து உங்கள் பையனை எடை போடக் கூடாது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இருந்தால் முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் கூட்டிப்போங்கள்.

முருங்கைக்காய்

காரணம் ஒன்றும் இல்லை மேடம், என் நாத்தனார் பையனுக்கும் அவள்தான் எடுத்தாள்.

பின்பெஞ்ச்

ஆன்ட்டி, அதனாலதான் அவங்க சொல்லல 😂